ஒன்பதாம் தேதிப் பக்கம்

உட்காருங்கள் அக்கா, இந்தப் பக்கம் வெயில் அடிக்காது. நானும் தூத்துக்குடிதான். நாலு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் பிள்ளையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். என் பிள்ளைதான். பதினோரு மாதம். ஜோவிட்டா என்று பேர், ஜோவி என்று கூப்பிடுவோம். இருபத்து மூன்று நாளாக மாமியார் வீட்டில் இருக்கிறாள்.

சண்டை எல்லாம் இல்லை. எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். என் வீட்டுக்காரர் நல்லவர். டெரன்ஸ் என்று பேர், ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. மாமியாரும் கெட்டவர் இல்லை. நடந்தது என்னவென்றால் ஒரு நோட்டு. நான் படிப்புக்காக எழுதிய நோட்டு. அதில் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு அவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

இந்தக் கவரில் எங்கள் சார் எழுதிக் கொடுத்த லெட்டர் இருக்கிறது. யுனிவர்சிட்டி லெட்டர்ஹெட், கீழே சீல். அந்தப் பக்கம் வகுப்புக்காக ஒரு நாவலைத் தழுவி எழுதியது, மாணவியின் சொந்த வாழ்க்கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதியிருக்கிறார். நாலு மணிக்குப் பங்குச்சாமியார் மேடையில் எல்லோரையும் உட்கார வைத்து இதை வாசிப்பார். மேடை என்றால் பங்கு பங்களாவைச் சொல்கிறேன், எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். வாசித்து முடித்ததும் பிள்ளையைத் தருவார்கள். இன்றைக்கே பாளையங்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

என்ன படிப்பு என்றா? ஒப்பிலக்கியம் அக்கா. எம்.ஏ., ரெண்டாம் வருஷம். ஒரு நாட்டுக் கதையையும் இன்னொரு நாட்டுக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற படிப்பு. எது ஒத்துப்போகிறது, எது ஒத்துப்போகவில்லை, ஏன். நான் சேர்ந்தபோது மாமியாருக்கு இதைத்தான் விளக்கினேன். அவர் மீன் அறுத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. "அடுத்த வீட்டுக் கதையையும் நம்ம வீட்டுக் கதையையும் ஒத்துப் பாக்கதுக்கு ஒரு படிப்பாட்டி? அத நாங்க குழாயடியிலயே படிச்சி முடிச்சிட்டோம்லா" என்றார். மதினிக்கு, அதாவது டெரன்ஸின் அக்கா ஃபிலோமிக்கு, சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம்தானே.

டெரன்ஸ் சிரிக்கமாட்டார். அவருக்கு அது என்னவென்றே பிடிபடாது. வேலை விட்டு வந்ததும் "இன்னைக்கு எந்த நாடு" என்று கேட்பார். நார்வே என்றால் "நார்வே கப்பல் ஒண்ணு போன மாசம் உரம் ஏத்திட்டு வந்துச்சு" என்பார். அவருக்கு நாடு என்றால் கப்பல். கப்பலில் என்ன சரக்கு என்று சொல்லுவார். நான் ம் என்று கேட்டுக்கொள்வேன். அவர் வாசிக்கிற ஆள் கிடையாது அக்கா. பேப்பரில் கடைசிப் பக்கம் மட்டும் பார்ப்பார், அதுவும் உதடு அசையும். பேங்க் ஃபாரத்தை என்னிடம்தான் தள்ளுவார். குறையாகச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு வேலை. முந்நூறு பக்க நாவலைத் தூக்கிக் கொடுத்தால் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார், அப்படிப்பட்ட ஆள்.

அவருக்கு ஷிஃப்ட் இருக்கிற நாட்களில் தூத்துக்குடியில் அம்மா வீட்டிலேயே தங்கிக்கொள்வார். வாரத்தில் ரெண்டு நாள்தான் பாளையங்கோட்டைக்கு வருவார். நானும் ஜோவியும் மாடிவீட்டில் இருந்தோம். காலையில் யுனிவர்சிட்டி கிரெச்சில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போவேன், ரெண்டு மணிக்குத் தூக்கிக்கொண்டு வருவேன். அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை நாங்கள் ரெண்டு பேர்தான். ஒன்றும் கஷ்டம் இல்லை. அவள் அதிகம் அழுகிற பிள்ளையும் கிடையாது. என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் எங்கே போனாலும் அந்தக் கண் கூடவே வரும்.

நோட்டு விஷயம் சொல்கிறேன். எங்கள் சார் கோமதிநாயகம் ஒரு முறை வைத்திருக்கிறார். ரெண்டு நாவலை ஒப்பிட வேண்டும் என்றால் நேரே ஒற்றுமை வேற்றுமை என்று கோடு கிழிக்கக் கூடாது. முதலில் ஒரு நோட்டுப் போட வேண்டும். இடப்பக்கம் ஒரு நாவலின் பெண், வலப்பக்கம் இன்னொரு நாவலின் பெண். அந்தப் பெண்ணாகவே ஆகி, 'நான்' என்று போட்டு எழுத வேண்டும். அவள் அடுப்படியில் நின்று என்ன நினைத்தாள், அவளுக்கு எங்கே வலித்தது, இப்படி. "ரெண்டு பேரையும் உள்ள விட்டாத்தான் ரெண்டு பேரும் பேசுவாங்க" என்பார். வகுப்பில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஐந்து ஜோடி.

எனக்கு வந்த ஜோடி ரெண்டு அம்மாக்கள். ஒருத்தி நம் கடற்கரைக்காரி, மீன் விற்கிறவள். பிள்ளையை மடத்து போர்டிங்கில் கொண்டுபோய் விடுகிறாள். இன்னொருத்தி நார்வேக்காரி. அவளும் மீன் ஊர்தான், ஃபேக்டரியில் மீன் வெட்டுகிற வேலை. கைப்பிள்ளையைப் பனியில் தூக்கிக்கொண்டு நடந்து, அக்காள் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிப் போகிறாள். கதை அவ்வளவுதான். தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். லைப்ரரியில் ஒரே ஒரு பிரதி. அதை ஒரு சீனியர் எடுத்துப்போய் நாள் கணக்காகத் திருப்பவே இல்லை. அதனால் வலப்பக்கம் எழுதி எழுதி நிறைந்துகொண்டிருந்தது. நார்வேக்காரிக்கு ஒதுக்கிய இடப்பக்கம் காலியாகக் கிடந்தது.

எழுதிய ஒவ்வொரு பக்கத்திலும் வலது மூலையில் தேதி போட்டிருப்பேன். அது கான்வென்ட் பழக்கம். சிஸ்டர் எஜிடியா என்று ஒருவர், தேதி இல்லாத பக்கத்தைப் படிக்கவே மாட்டார், கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். பன்னிரண்டு வருஷம் அப்படி எழுதிய கை அக்கா. மளிகைச் சாமான் லிஸ்ட் எழுதினாலும் முதலில் தேதிதான் விழும்.

மாமியார் கையில் நோட்டு எப்படி வந்தது என்றால், பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்துவிட்டது. வேர்வை. நான் கொஞ்ச நாளாகத் தொட்டியில் வைத்துக் குளிப்பாட்டாமல் துணியை நனைத்துத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் கஷ்டமா என்றால், இல்லை, குழாயில் வரும். சும்மாதான். மாமியார் வந்து பார்த்தார். மொட்டைமாடியில் நீலத் தொட்டி காய்ந்து கிடந்தது, அதற்குள் துணி மாட்டுகிற கிளிப்பைப் போட்டு வைத்திருந்தேன். "பிள்ளையக் குளிப்பாட்டி எத்தனை நாளாவுதுட்டி" என்றார். நான் தேதி சொன்னேன். கேட்டால் தேதி வந்துவிடும் எனக்கு. அவர் பவுடர் தேடி ஜோவியின் பைக்குள் கையை விட்டார். நோட்டு அதற்குள்தான் இருந்தது, வகுப்புக்குப் போகும்போது ஒரே பையாகப் போய்விடுமே என்று.

மாமியார் தினமும் பைபிள் வாசிக்கிறவர். அதே மாதிரி விரலை வைத்து, சத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். சொல்லவா? பஸ்ஸில் யாரும் கவனிக்கவில்லை, சொல்கிறேன்.

'தண்ணீர் பிள்ளையின் இடுப்பளவு. பிள்ளை சிரிக்கிறது. என் வலது கை அதன் முதுகில் இருக்கிறது. கையை எடுத்தால் எத்தனை நொடி என்று எண்ணினேன். எடுக்கவில்லை. எண்ணினேன். பிறகு துடைத்தேன், பவுடர் போட்டேன். யாருக்கும் ஒன்றும் தெரியாது. நாளையும் குளிப்பாட்ட வேண்டும்.'

இவ்வளவுதான். ஒன்பது வாக்கியம்.

"இது யாருட்டி" என்று கேட்டார். நான் "கதைல வர்ற பொம்பள மாமி, நார்வேக்காரி" என்றேன். "நார்வேக்காரி குட்டிக்குரா பவுடரா போடுதா" என்று கேட்டார். பவுடர் என்றுதான் எழுதியிருந்தேன், குட்டிக்குரா என்று எழுதவில்லை. அதை எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஜோவியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மகனுக்கு ஃபோன் போட்டார். டெரன்ஸ் வேலையில் பாதியில் சொல்லிவிட்டு வந்தார். நோட்டை வாசித்தார், உதட்டை அசைத்து. "கொஞ்ச நாளைக்கு அங்க இருக்கட்டும் பெனி" என்றார். என் பேர் பெனிட்டா. பிள்ளையின் துணி, பால்புட்டி, நோட்டு, மேஜையில் கிடந்த அந்த நார்வே நாவல், எல்லாவற்றையும் ஒரே பையில் அள்ளிக்கொண்டு போனார். லைப்ரரி புக் அது, அதை ஏன் எடுத்தார் என்று தெரியவில்லை. அவசரத்தில் எடுத்திருப்பார்.

நான் அழவில்லை. அதுவும் அவர்கள் கணக்கில் ஒரு தப்பு. "ஒரு சொட்டு வரலியே இவளுக்கு" என்று மதினி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பேன். மதினி கதவோரம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். ஜோவி என் மடியில் இருப்பாள். தடிப்பெல்லாம் அமுங்கி, நன்றாக இருக்கிறாள். முடியில் எண்ணெய் வாசம். நான் அவளைப் பிடித்துக்கொண்டிருப்பேன், மதினி என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மதினி இருக்கிறவரைக்கும் எனக்கு ஒன்றும் இல்லை. நிம்மதியாகக்கூட இருக்கும். அவர் தண்ணீர் குடிக்க எழுந்து உள்ளே போனால் நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்விடுவேன். "என்னட்டி வால் மாரி வார" என்பார்.

இந்த இருபத்து மூன்று நாளில் ரெண்டு செமினார் பேப்பர் முடித்தேன். வகுப்பிலேயே என்னுடையதுதான் நல்ல பேப்பர் என்றார் சார். பதினான்கு ஒற்றுமை, ஒன்பது வேற்றுமை. நன்றாகத் தூங்கினேன். இதை யாரிடமும் சொல்லக் கூடாது, உங்களிடம் சொல்கிறேன். பிள்ளை இல்லாத வீட்டில் ஒரு தாய் இப்படித் தூங்கினாள் என்றால் பங்குச்சாமியார் லெட்டரை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

லெட்டர் பொய்யா என்று கேட்கிறீர்களா? நீங்கள் கேட்கவில்லை. சரி. வல்லநாடு வந்துவிட்டது, இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.

ஒப்பிலக்கியத்தில் முதலில் சொல்லிக் கொடுப்பது இதுதான் அக்கா. ரெண்டு எழுத்து ஒரே மாதிரி இருந்தால் உடனே ஒன்றைப் பார்த்து இன்னொன்று வந்தது என்று சொல்லிவிடக் கூடாது. தேதியைப் பார்க்க வேண்டும். எது முந்தி, எது பிந்தி. இவர் அதைப் படித்திருக்க வழி உண்டா, எப்போது கைக்கு வந்தது. தேதி ஒத்து வராவிட்டால் தழுவல் என்ற பேச்சுக்கே இடமில்லை. சார் இதைக் கரும்பலகையில் எழுதி ரெண்டு கோடு போட்டார்.

அந்த நாவல் என் கைக்கு வந்தது பதினான்காம் தேதி. லைப்ரரி சீல் கடைசி அட்டையில் ஒட்டிய சீட்டில் இருக்கிறது. நோட்டுப் பக்கத்தின் மூலையில் இருப்பது ஒன்பது.

சார் நோட்டைப் பார்க்காமலே லெட்டர் எழுதினார். "உங்க வீட்டுக்காரங்களுக்கு இலக்கியம் புரியலேம்மா, நீ கவலப்படாத" என்றார். நான் தலையாட்டினேன். தேதி ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எங்கள் ஆட்கள் மட்டும் செய்கிற வேலை. பங்குச்சாமியார் செய்யமாட்டார். மாமியாருக்குத் தோன்றாது. டெரன்ஸைப் பற்றிச் சொன்னேனே. அதனால் ஒன்றும் பயமில்லை. நாலு மணிக்கு வாசிப்பார்கள், நாலரைக்குப் பிள்ளை என் கையில் இருக்கும்.

அதுதான்.

அந்த நார்வேக்காரி பிள்ளையைக் குளிப்பாட்டுவதே இல்லை அக்கா. அந்தக் குளிரில் எங்கே குளிப்பாட்டுவது. அப்படி ஒரு இடமே நாவலில் கிடையாது. நான் பதினான்காம் தேதி வாங்கி, முழுதும் தேடிப் பார்த்தேன். இருந்துவிடக் கூடாதா என்று பார்த்தேன். இல்லை. ஒன்பதாம் தேதி சாயங்காலம் குளிப்பாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். இடப்பக்கம் காலியாக இருந்தது, எழுதினேன். எழுதிவிட்டால் அது அந்தப் பெண்ணுடையது ஆகிவிடும் என்று நினைத்தேனோ என்னமோ. ஆகவில்லை. மறுநாள் தொட்டியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, துணியால் துடைக்க ஆரம்பித்தேன்.

பிள்ளையை ஒன்றும் செய்யமாட்டேன். அது எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சார் லெட்டர் நல்ல லெட்டர். அதை நம்பிப் பிள்ளையைக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். டெரன்ஸுக்கு நாளைக் காலையிலிருந்து நாலு நாள் ஷிஃப்ட். மாடிவீட்டில் மதினி இருக்கமாட்டார், பூண்டு உரிக்க. குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். லெட்டரைக் கொடுக்காவிட்டால் பிள்ளை கிடையாது. உண்மையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். ஒற்றுமை வேற்றுமை ஒன்றும் எழுத வரவில்லை.

ஒரு நிமிஷம் அக்கா. ஃபோன். அவர்தான்.

சொல்லுங்க. வாகைக்குளம் தாண்டிட்டு. ம், வாங்கிட்டேன். சீல் வச்சி. ஏன்? என்னது? எப்ப? முழுசுமா? ம். ம். இல்ல, இருக்கேன். பஸ் சத்தம். யாருட்ட? எத்தனை மணிக்கு? ம். பிள்ள? சரி. ம். வச்சிருதேன்.

கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா அக்கா? கொடுங்கள்.

லெட்டரைப் பங்குச்சாமியாரிடம் கொடுக்க வேண்டாம் என்கிறார். அந்த நாவலை வாசித்துவிட்டாராம். முழுவதும். பதினெட்டு நாள் ஆனதாம், கிரேன் மேலே சரக்குக்குக் காத்திருக்கிற நேரத்தில், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. "அந்தப் பொம்பள பிள்ளையக் குளிப்பாட்டவே இல்லியே பெனி. விட்டுட்டனோன்னு திரும்ப முதல்லருந்து பாத்தேன்" என்றார். அதற்கப்புறம் கடைசி அட்டையில் சீலைப் பார்த்திருக்கிறார். நோட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை அவருக்கு. அம்மாவிடம் சொல்லவில்லையாம். பங்குச்சாமியாரிடம் மருமகளுக்கு உடம்பு சரியில்லை, கூட்டம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற லேடி டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறார். வாசலில் நிற்கிறாராம். ஜோவி தோளில் தூங்குகிறாளாம். பத்து நாள் லீவு சொல்லியிருக்கிறார், பத்து நாளும் அவர்தான் குளிப்பாட்டுவாராம், நான் பக்கத்தில்கூட நிற்க வேண்டாமாம்.

அப்புறம் ஒன்று சொன்னார். "அந்தப் பொம்பளட்ட, முந்நூறு பக்கத்துல ஒரு ஆளுகூட ஒனக்கு என்ன செய்யுதுன்னு கேக்கலியே" என்றார். எங்கள் வகுப்பில் ஐந்து பேர் அக்கா, சாரோடு ஆறு பேர். பதினான்கு ஒற்றுமை எழுதினேன். இதை நாங்கள் யாரும் எழுதவில்லை.

"ஒனக்கு என்ன செய்யுது பெனி" என்று கேட்டார். பஸ்ஸில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ம் போட்டு வைத்தேன். போய்ச் சொல்ல வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, உங்களிடம் சொன்ன மாதிரியே சொல்லலாமா?

ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாலேயே வந்துவிடும். அங்கே நிறுத்துவாரா என்று கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் அக்கா. எனக்கு இப்போது சத்தம் வராது.